திருச்சியிலிருந்து சித்தாண்டிக்கு வைத்தியத்துக்கு

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கொழும்பு விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்டார். வைத்தியத்துக்கு என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். இந்தியப் பாஸ்போர்ட்தான், சந்தேகமில்லை. "இங்கேயிருந்துதான் எல்லோரும் அங்கே போவார்கள்," என்றார். "தெரியும்," என்றேன். "எந்த ஊர்?" "மட்டக்களப்பு." அவர் பக்கத்துக் கவுண்டர்க்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் சிரித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. நிற்பதுதான் எனக்குப் பிரச்சினையே.

என் நோய்க்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். சோர்வு என்று சொன்னவுடன் எதிரே இருப்பவர், "எனக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஆபீஸ் போய்வந்த சோர்வு, பிள்ளை பெற்ற சோர்வு, வெயில் சோர்வு. ஐயா, அது தூங்கினால் போகிற சோர்வு. எனக்கு எவ்வளவு தூங்கினாலும் தூங்காத மாதிரியே விடியும். ஒரு காரியத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டுவிடும். காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் கண்ட உடம்பு. வெளிச்சம் கண்ணைக் குத்தும். கரண்டி விழுந்த சத்தம் எலும்பில் கேட்கும். சொல்ல வந்த சொல் வாய்க்கு வராது.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஒரு வைரஸ் காய்ச்சலின் மிச்சம் இது. அதுவரை கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்துக்கொண்டு, மாலையில் மலைக்கோட்டைப் பக்கம் கால் வலிக்கச் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். திருச்சியில் பார்க்காத மருத்துவர் இல்லை. ஒருவர் மனசு என்றார். ஒருவர் வைட்டமின் என்றார். ஒருவர், கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டுவிட்டு, ஆகவில்லை என்றதும் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி தலையாட்டினார். கடைசியாகப் பார்த்தவர் தினமும் நடக்கச் சொன்னார், வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டச் சொன்னார். சொன்னபடி நடந்தேன். நடக்க நடக்க முதலில் மாடிப்படி போனது. பிறகு சமையல் போனது. பிறகு என் தலையை நானே சீவுவது போனது. போய்ச் சொன்னால், "நீங்க முழு மனசோட நடக்கல," என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நடக்கவா, நிறுத்தவா? தப்பான பதிலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் போனால் நான் எழுந்திருக்கவே போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதற்குப் பதில் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்போதுதான் தவராணி போன் செய்தாள். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்து, அகதி முகாமிலிருந்து என்னோடு கல்லூரிக்கு வந்தவள். ஊர் அடங்கியபின் திரும்பிப்போய் சித்தாண்டியில் இருக்கிறாள். கணவர் யோகன், அவளுக்குச் சீதனமாக வந்த வயலைச் செய்கிறார். அந்த வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், பக்கத்து வயல் ஓட்டமாவடி ஹாஜியார் ஒருவருடையது. "அந்த ஹாஜியார்ர மகள் டொக்டர்," என்றாள் தவராணி. "உன்ர வருத்தத்தப் பேர் சொல்லிப் பாக்கிறாவாம். அடுத்த கிழமை மேற்படிப்புக்குக் கொழும்புக்குப் போறா. போனா படிப்போட ஆக்களப் பாக்க மாட்டாவாம், மறுகா எப்ப வருவாவோ தெரியாது. வாறியா?"

மூன்று வருஷத்தில் என் நோயைப் பெயர் சொல்லிப் பார்க்கிற முதல் மருத்துவர். அவர் அமெரிக்காவில் இருந்தாலும் போயிருப்பேன்.

கொழும்பிலிருந்து ரயிலில் நான் படுத்துக்கொண்டேதான் வந்தேன். எதிர் இருக்கைக்காரரை வேறிடத்துக்கு அனுப்பி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்த ஒரு வாழைச்சேனை அம்மா, அந்த உரிமையில் என்னை விசாரித்தார். வைத்தியத்துக்கு மட்டக்களப்புக்கு வருகிறேன் என்றதும் அவர் சோற்றுப் பொதியை மடியில் வைத்துவிட்டார். "ஏன் கா, எங்கட ஆக்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் உங்கட ஊருக்கெல்லோ ஓடுறாங்க? அங்க டொக்டர்மார் முடிஞ்சு போயிற்றாங்களா?" பெட்டியே சிரித்தது. பிறகு ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். பப்பாளி இலைச் சாறு, எருமைத் தயிர், வெறும் வயிற்றில் பூண்டு. ஒருவர் நாவூறு பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்; நாவூறு என்பது நம் கண்ணேறு. பொலனறுவை தாண்டி ரயில் காட்டுக்குள் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யானை என்றார்கள். யானை நகரும்வரை பூண்டைப் பச்சையாகத் தின்பதா சுட்டுத் தின்பதா என்று விவாதம் நடந்தது. எங்கள் ஊர் ரயிலில் என்றால் இதற்குள் இரண்டு சண்டை வந்திருக்கும். இங்கே மருந்துதான் வந்தது. சண்டையே தேவலை என்று தோன்றியது.

வந்து இறங்கிய மறுநாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டும் என்பது என் திட்டம். அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மாலை ஓட்டமாவடியில் டாக்டரின் கிளினிக், கொழும்புக்குப் போகுமுன் அதுதான் அவருக்குக் கடைசி நாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி வைக்க வேண்டும்.

தவராணியிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். "ஓம் ஓம், நீ படு," என்றாள். வெளியே போய், கேட்டைத் திறந்து வைத்தாள்.

இந்த ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். வருத்தம் பார்க்க வருவது என்பார்கள். எங்கள் ஊரிலும் வருவார்கள், ஆஸ்பத்திரியில் ஆப்பிளை வைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். இங்கே வந்தவர்கள் இருக்கிறார்கள். கதிரை என்கிற நாற்காலியைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, போன வருஷம் இதே மாதிரி படுத்து இறந்துபோன ஒருவரின் கதை முழுவதும் கேட்டு அனுப்ப வேண்டும். அதிலும் நான் கடல் கடந்து வந்த நோயாளி. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மோல்ட் சத்துமாவு டின்னும் பிஸ்கட்டும் மேசையில் ஏறிக்கொண்டே போயின. படுத்துக்கொண்டு பேசுவது மரியாதை இல்லையே என்று ஒவ்வொரு முறையும் நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

"முகத்தில வருத்தம் ஒண்டும் தெரியுதில்லையே," என்றார் ஒருவர்.

"கொஞ்சம் நடந்து திரிஞ்சாச் சரியாப் போகும், மனே," என்றார் இன்னொருவர், அன்போடு.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்துதான் அம்மா இப்படி ஆனேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சிரித்து வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் வேன் வந்து நின்றது. பழுகாமத்தில் யோகனின் தங்கைகள் எனக்கு விருந்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னடி இது? நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். நான் எங்கேயும் வரல," என்றேன்.

"நடக்கவா சொன்னன்? வேனில இருந்து போய், இருந்து சாப்பிட்டு, இருந்து வாறது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "விடியமுதல் எழும்பிச் சமைக்கிறாளுகள். நீ வராட்டி, வந்தவளக் காட்டாம ஒளிச்சு வச்சன் எண்டு என்ர மச்சாள்மார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாளுகள்."

இந்த நோயின் குரூரம் என்னவென்றால் அன்று காலை எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற காலையில் யாருக்குத்தான் புத்தி வேலை செய்கிறது? மூன்று வருஷமாக வேடிக்கை பார்க்க என்று எங்கேயும் போனதில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் மட்டக்களப்பு வாவி, கடலோடு சேர்ந்த பெரிய நீர்ப்பரப்பு; அதைக் கடக்க ஒரு மிதவை இருக்கிறது. இரும்புப் படகுகள்மேல் பலகை அடித்த மேடை. வேன், மோட்டார் சைக்கிள், மாட்டுக்குத் தவிடு, பள்ளிக்கூட டீச்சர்மார் எல்லாம் ஒன்றாக ஏறும். இதற்கு இங்கே பெயர் பாதை. நடு வாவியில் பாதையின் எஞ்சின் நின்றது. யாரும் பதறவில்லை. இரண்டு பேர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார்கள், மற்றவர்கள் அந்த இரண்டு பேரைப் பார்த்தார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது, வெகுதூரத்தில் ஒருவர் தோணியில் நின்றபடி வலை வீசினார். காவேரியில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று செல்பி எடுக்கிற ஊர்க்காரிக்கு இவ்வளவு தண்ணீர் மலைப்பாகத்தான் இருந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உச்சி வெயிலில், தகரம் தகதகக்க வேனுக்குள் உட்கார்ந்து அழகை எவ்வளவு நேரம் பார்ப்பது? என் நாளைய தெம்பு சொட்டுச் சொட்டாக வாவியில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. எஞ்சின் கடைசியில் தானாகவே மனம் இரங்கி ஓடியது.

பழுகாமத்தில் ஒரு வீடு என்றுதான் நினைத்தேன். இங்கே கல்யாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். யோகனே அப்படிப் பழுகாமத்திலிருந்து சித்தாண்டிக்கு வந்தவர். ஆகவே அக்கா தங்கைகள் எல்லோரும் அடுத்தடுத்த வளவுகளில், அதாவது மனைகளில், இருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று தங்கைகள் என்றால் மூன்று வீடு. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலைச் சும்மா கடந்து போக முடியாது. முதல் வீட்டில் நண்டுக்கறியும் குத்தரிசிச் சோறும். அப்படி ஒரு நண்டை நான் தின்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வீட்டில் பிட்டும் கோழியும். மூன்றாவது வீட்டில் வாய் திறக்க முடியாது என்றேன். "சரி, தயிராவது," என்று ஒரு சட்டி எருமைத் தயிரையும் சீனியையும் கொண்டுவந்து வைத்தார்கள். கரண்டியைச் செங்குத்தாக விட்டால் நின்றது. மூன்று வீட்டிலும் மூன்று முறை என் கதையைச் சொன்னேன். அவர்கள் பாவம், நன்றாகத்தான் கவனித்தார்கள். போகும்போது கடைசித் தங்கை, "அடுத்த முறை வருத்தமில்லாம வாங்க அக்கா, கன நாள் நிண்டு போங்க," என்று என் கையில் வெற்றிலையைத் திணித்தாள்.

மூன்றாம் நாள் காலை கண் திறக்க முடியவில்லை.

ஜன்னல் ஓரத்தில் இருந்த கோடு மாதிரி வெளிச்சம்கூடப் பொறுக்கவில்லை. தொண்டை வலி. கையை அசைக்க வேண்டும் என்று நினைத்துப் வெகுநேரம் கழித்துத்தான் விரல் அசைந்தது. முருகன் கோயில் மணி அடித்தபோது அழுதேவிட்டேன், பக்தியில் அல்ல.

மத்தியானம் தவராணி என் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். "எழும்பு கா. முகத்தக் கழுவி, பவுடர் போட்டு, இத உடு. ஒரு டொக்டருக்கு முன்னால இப்பிடியா போறது?"

எனக்கு அங்கே படுத்தபடி திருச்சியின் அத்தனை கிளினிக்குகளும் ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் படுத்துத் தெம்பு சேர்த்து, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்துத்தான் போனேன். என் பிழைப்பிலேயே நான் நன்றாக இருந்த அந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லா மருத்துவர்களும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? இதைத் தவராணியிடம் சொல்ல வாய் திறந்தேன். "முடியல" என்று மட்டும் வந்தது.

அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். நான் அப்படியே சரிந்தேன். மறுபடியும் தூக்கினாள். அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சேலையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். முற்றத்தில் யோகன் போனில் பேசுவது கேட்டது. "ஹாஜியார், இண்டைக்கு நாங்க வரல்ல. எங்கட தங்கச்சிக்குத் தலை தூக்க ஏலாமக் கிடக்கு. ஓம், மகளிட்டச் சொல்லுங்க."

அவ்வளவுதான். கடல் கடந்து வந்து, ஓட்டமாவடியை எட்டுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு, கடைசி நாளைக் கோட்டைவிட்டேன். யார்மேல் கோபப்படுவது என்று ஒரு கணக்குப் போட்டேன். தவராணி, மூன்று மச்சாள்மார், நண்டு, பாதையின் எஞ்சின், வேனில் ஏறிய நான். எல்லோர்மேலும் சமமாகக் கோபப்பட்டேன். கோபப்படவும் முடியாத உடம்பு என்பதால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோனது.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஒரு கார் நின்றது. இன்னொரு கூட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ அறைக்குள் வந்தார்கள். தவராணி விளக்கைப் போடப் போக, "வேணாம், போடாதீங்க," என்று மெல்லிய குரல். கட்டில் பக்கத்தில் ஒருவர் தரையில் உட்கார்ந்தார்.

"நான் ஷிபானா. நீங்க பாக்க வந்த டொக்டர். கதைக்க ஏலுமெண்டாக் கதைங்க. ஏலாட்டி விரல அசைங்க, அது போதும்."

என் தோழிதான் பதறினாள். "ஐயோ டொக்டர், அவ இப்பிடிக் கிடக்கிறா. நேத்து நல்லா இருந்தவ."

"நேத்து என்ன செஞ்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

தவராணி சொன்னாள். பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். வேன், பாதை, எஞ்சின், நண்டு, பிட்டு, தயிர். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகப் போக அவள் குரல் இறங்கியது. அதற்கு முந்தைய நாள் யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதற்கு வந்தபோது அவளே நிறுத்திவிட்டாள்.

டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிறையக் கேள்விகள் கேட்டார். எல்லாம் விரலால் ஆம் இல்லை சொல்லக்கூடிய கேள்விகள். திருச்சியில் ஒருவரும் கேட்காதவை. செய்த அன்றைக்கா, அடுத்த நாளா? தூங்கி எழுந்தால் கூடுதலா, குறைவா? எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்குமா? என் உடம்புக்குள் இருந்து பார்த்தவர்போல் கேட்டார்.

"இப்பிடிக் கிடக்கிறத நாங்க கிளினிக்ல பாக்கிறதே இல்ல," என்றார். "வரக்கூடிய நாளிலதானே வாறாங்க. எங்கட ராத்தா, மூத்தவ, அவவுக்கும் இதான். பாக்கிற டொக்டர் எல்லாரும் நல்லாத்தானே இரிக்காவு எண்டாங்க. நாங்களும் நம்பி, கூட்டிட்டுத் திரிஞ்சு திரிஞ்சுதான் படுக்க வச்சம்."

நான் முழு பலத்தையும் திரட்டி ஒரு சொல் கேட்டேன். "நடக்கவா?"

"நிப்பாட்டுங்க. இண்டையோட நிப்பாட்டுங்க. உடம்பு விட்டா மட்டும், விட்ட அளவு மட்டும். அதிலயும் பாதியோட நிண்டிரணும். எழும்பி நிக்கிற படபடப்புக்கு ஒண்டு தரலாம். வருத்தத்துக்கு மருந்து இல்ல. இரிக்கு எண்டு சொல்றவங்கள்ட்டப் போயிராதீங்க."

மருந்து இல்லை என்று கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எரிச்சல் வரத்தான் செய்தது. ஆனால் நிறுத்து என்றாரே, அதற்காக அவர் காலைத் தொட்டிருப்பேன், குனிய முடிந்திருந்தால். திருச்சியில் நடந்த ஒவ்வொரு அடிக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

போகும்போது டாக்டர் தவராணியிடம் சொன்னார்: "பயணம் பண்ண ஏலும்வரைக்கும் ஒருத்தரும் இந்த அறைக்குள்ள வரப்படா. வாற ஆக்கள நிப்பாட்டுங்க."

"வந்த சனத்த வாசல்ல வச்சு அனுப்புறதா, டொக்டர்?" தவராணிக்குக் குரலே உடைந்துவிட்டது. "எங்கட ஊரில அப்பிடி ஒரு வழக்கம் இல்லையே. ஊர் என்ன சொல்லும்?"

"அது உங்கட பாடு," என்று டாக்டர் எழுந்து போய்விட்டார். அவளுக்கு இதைவிடக் கஷ்டமான மருந்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் காலை கேட் சத்தம் கேட்டது. உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். யாரும் உள்ளே வரவில்லை. தவராணி கேட்டுக்கு வெளியே கதிரைகளைப் போட்டு, தானும் ஒன்றில் உட்கார்ந்து, தேத்தண்ணியை அங்கேயே கொடுத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் வந்த பெண்மணிக்குத் தாழ்ந்த குரல் வராது.

"ஒருக்கா முகத்தப் பாத்திற்றுப் போறன் கா. இந்தியாவில இருந்து வந்த புள்ள, பாக்காமப் போனாச் சரியில்லையே."

"ஏலாது மாமி."

"நான் பாக்கப்படாத அப்பிடி என்ன வருத்தம்?"

மாமி கோபித்துக்கொண்டு போய்விடுவார், நாளைக்குத் தவராணியின் பேர் ஊரில் நாறிப்போகும் என்று நினைத்தேன்.

"பேர் எனக்கும் வாயில நிக்கிதில்ல மாமி," என்றாள் தவராணி. "நாம போய்ப் பாத்தாக் கூடுற வருத்தம். முந்தநாள் ஊரோட சேர்ந்து நானும் கூட்டிப்போட்டன். இனி விடமாட்டன். தேத்தண்ணியக் குடிங்க."

மூன்று வருஷத்தில் என் வீட்டு வாசலில் எனக்காக யாரும் இப்படி உட்கார்ந்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் தெம்பு வேண்டுமே என்று அதை வேறொரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.